கன்ட்ரி இசை விருதுகள்: எப்படித் தொடங்கின, யார் கொடுக்கிறார்கள், ஏன் ஒவ்வொரு ஆண்டும் சண்டை?

அமெரிக்கக் கிராமப்புறங்களில் வேர்கொண்ட கன்ட்ரி இசையைக் கேட்கத் தொடங்கும் எவரும் சீக்கிரமே அதன் விருதுகள் பக்கம் வந்துவிடுவார்கள். யாராவது ஒரு துணுக்கு வீடியோ அனுப்பியிருப்பார்கள், அல்லது பாப் பாடகி பியான்சே பற்றிய வாக்குவாதம் கண்ணில் பட்டிருக்கும். அங்கிருந்து வரிசையாகக் கேள்விகள் எழும். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு இந்த இசை மிகவும் பிடிக்கும். இந்த விருதுகளின் வரலாற்றைப் படித்த பிறகு பாடல்களே வேறு மாதிரி கேட்கத் தொடங்கின.

கன்ட்ரி இசைக்கு எத்தனை விருதுகள் இருக்கின்றன? எது பெரியது?

பல இருக்கின்றன. முக்கியமானவை மூன்று. முதலாவது, கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரத்தின் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் தரும் விருது. எல்லோரும் சி.எம்.ஏ. என்பார்கள். இரண்டாவது, கலிஃபோர்னியாவில் பிறந்த அகாடமி ஆஃப் கன்ட்ரி மியூசிக் தரும் ஏ.சி.எம். விருது. மூன்றாவது, எல்லா வகை இசைக்கும் பொதுவான கிராமி விருதுகளில் கன்ட்ரிக்கென்று இருக்கும் பிரிவுகள். நாஷ்வில்காரர்களைக் கேட்டால் சி.எம்.ஏ.வைத்தான் முதலில் சொல்வார்கள். இந்தப் பக்கத்திலும் அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

இந்த விருதுகளைத் தொடங்க வேண்டிய தேவை என்ன வந்தது?

பயம்தான் காரணம். 1950களின் நடுவில் ராக் அண்ட் ரோல் வந்தது. எல்விஸ் பிரெஸ்லி போன்றவர்கள் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அதுவரை கன்ட்ரி பாடல்களைப் போட்டுவந்த வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. பாடகர்களுக்குக் கச்சேரி குறைந்தது, இசைத்தட்டு விற்பனை படுத்தது. கன்ட்ரி பாட்டு போடும் வானொலி அறிவிப்பாளர்களுக்கு ஏற்கெனவே ஒரு சங்கம் இருந்தது, ஆனால் அது தனியாக நின்று தாங்கும் நிலையில் இல்லை. அந்தச் சூழ்நிலையில்தான் 1958-ல் பாடகர்கள், பாடல் எழுதுபவர்கள், பதிப்பகத்தார், வானொலிக்காரர்கள் எல்லோரும் ஒரே குடையின் கீழ் வந்து கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனை அமைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட இசை வகையை வளர்ப்பதற்கென்றே அமெரிக்காவில் உருவான முதல் வணிகச் சங்கம் இதுதான்.

அந்தச் சங்கத்தை உண்மையில் தூக்கி நிறுத்தியவர் ஜோ வாக்கர்-மீடர் என்ற பெண்மணி. அலுவலகத்தைக் கவனித்துக்கொள்ள வந்தவர், பிறகு நிர்வாக இயக்குநராகி 1991 வரை இருந்தார். அவர் காலத்தில் சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: வானொலி நிலையங்களையும் விளம்பர நிறுவனங்களையும் பார்த்து, "கன்ட்ரி கேட்பவர்களும் சோப்பு வாங்குகிறார்கள், கார் வாங்குகிறார்கள்" என்று புரியவைப்பது. பலன் கிடைத்தது. 1961-ல் முழுநேரமும் கன்ட்ரி மட்டுமே ஒலிபரப்பிய நிலையங்கள் 81. அந்தப் பத்தாண்டு முடியும்போது அது 600-ஐத் தாண்டிவிட்டது.

1961-ல் சங்கம் ஒரு புகழ் மண்டபத்தைத் தொடங்கியது. முதலில் இடம்பிடித்தவர்கள் ஜிம்மி ரோஜர்ஸ், ஹேங்க் வில்லியம்ஸ், ஃப்ரெட் ரோஸ். மூவருமே அப்போது உயிருடன் இல்லை. அடுத்த ஆண்டு ராய் அகஃப் சேர்ந்தார், உயிரோடு இருக்கும்போதே அந்த மரியாதை கிடைத்த முதல் ஆள் அவர். மூத்தவர்களைக் கொண்டாட மண்டபம் வந்துவிட்டது, நடப்புக் கலைஞர்களை ஆண்டுதோறும் கொண்டாட ஒரு மேடை வேண்டும் என்ற எண்ணத்தின் தொடர்ச்சியாக வந்ததுதான் விருது விழா.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இது தொழில்காரர்கள் தங்கள் தொழிலைக் காப்பாற்றத் தொடங்கிய விருது. இதற்குப் பின்னால் நடந்த ஒவ்வொரு சர்ச்சைக்கும் வேர் இங்கேதான். இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டுமானால் கதவைத் திறந்துவிட வேண்டும். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே வருபவர்கள் எல்லோரும் கன்ட்ரிதானா என்ற கேள்வி வரும். அறுபது ஆண்டுகளாக அந்தக் கேள்வி தீரவில்லை.

முதல் சி.எம்.ஏ. விழா எப்படி நடந்தது?

1967 அக்டோபர் 20, நாஷ்வில் முனிசிபல் ஆடிட்டோரியம். சன்னி ஜேம்ஸும் பாபி ஜென்ட்ரியும் தொகுத்து வழங்கினார்கள். தொலைக்காட்சி கிடையாது, தொழிலில் இருப்பவர்களுக்கான விழா மாதிரிதான். ஆண்டின் சிறந்த என்டர்டெய்னர் எடி ஆர்னால்ட். சிறந்த பாடகி லொரெட்டா லின். ஆனால் அந்த இரவு உண்மையில் ஜாக் கிரீனுடையது. 'தேர் கோஸ் மை எவ்ரிதிங்' என்ற ஒரே பாட்டை வைத்துச் சிறந்த பாடகர், சிறந்த சிங்கிள் (தனியாக வெளியான பாட்டின் பதிவு), சிறந்த ஆல்பம் என்று வாங்கிக்கொண்டு போனார். பாட்டை எழுதிய டாலஸ் ஃப்ரேஸியருக்குச் சிறந்த பாடலுக்கான விருது. வாத்தியக் கலைஞர் விருது கிட்டார் மேதை செட் அட்கின்ஸுக்கு.

சிறந்த நகைச்சுவையாளர் என்றும் அன்று ஒரு விருது இருந்தது, டான் போமன் வாங்கினார். இப்போது அந்தப் பிரிவு இல்லை. அந்தக் காலத்துக் கன்ட்ரி மேடையில் பாட்டுக்கு நடுவே சிரிக்க வைப்பவருக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு அது அடையாளம்.

தொலைக்காட்சிக்கு எப்போது வந்தது?

அடுத்த ஆண்டே. 1968 விழா, கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் வீடான ரைமன் அரங்கில் நடந்தது. ராய் ரோஜர்ஸும் டேல் எவன்ஸும் தொகுத்தார்கள். பதிவுசெய்து பிறகு என்.பி.சி. தொலைக்காட்சியில் காட்டினார்கள். 1969-ல் நேரடி ஒளிபரப்பு. அந்த முதல் நேரலையில் ஜானி கேஷ் ஐந்து விருதுகள் வாங்கினார். நேரலைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கேட்கவா முடியும்!

அப்புறம் 1972-ல் சி.பி.எஸ்., 2006 முதல் ஏ.பி.சி. அரங்கமும் மாறிக்கொண்டே வந்தது. 1974-ல் புதிதாகக் கட்டிய கிராண்ட் ஓல் ஆப்ரி அரங்குக்குப் போனார்கள், முப்பது ஆண்டுகள் அங்கேயே நடந்தது. 2005-ல் ஒரே ஒரு முறை நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் வைத்தார்கள். மறு ஆண்டு நாஷ்வில்லுக்கே திரும்பி, நகர மையத்தில் இருக்கும் பெரிய அரங்கில் நடத்தத் தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் பிரிட்ஜ்ஸ்டோன் அரீனா.

தொகுப்பாளர்களில் வின்ஸ் கில்லுக்குத் தனி இடம். 1992 முதல் 2003 வரை, ஓரிரு ஆண்டுகள் துணையோடும் பெரும்பாலும் தனியாகவும், தொடர்ந்து நடத்தினார். பிராட் பெய்ஸ்லியும் கேரி அண்டர்வுட்டும் சேர்ந்து 2008 முதல் 2018 வரை.

அப்படியானால் ஏ.சி.எம். எதற்கு? ஒரே இசைக்கு இரண்டு சங்கமா?

ஊர்ப் போட்டி. 1960களில் கலிஃபோர்னியாவில் வலுவான ஒரு கன்ட்ரி உலகம் இருந்தது. 1930களில் வறட்சியும் புழுதிப் புயலும் விரட்டி, ஓக்லஹோமா, டெக்சஸ் பக்கமிருந்து பிழைப்புத் தேடி மேற்கே போன குடும்பங்கள் கூடவே தங்கள் பாட்டையும் கொண்டுபோயின. எண்ணெய் வயலும் பருத்திக் காடும் சூழ்ந்த பேக்கர்ஸ்ஃபீல்டின் மதுக்கடைகளில் எலக்ட்ரிக் கிட்டார் அலற, பக் ஓவன்ஸும் மெர்ல் ஹேகர்டும் ஒரு புது ஒலியை உருவாக்கினார்கள். வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் சேர்த்து இழைத்த நாஷ்வில் ஒலிக்கு நேர் எதிரானது அது. நாஷ்வில் தங்களைக் கண்டுகொள்வதில்லை என்ற மனக்குறை அவர்களுக்கு இருந்தது. 1964-ல் தனியாக ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1966 பிப்ரவரியில் ஹாலிவுட் பல்லேடியத்தில் முதல் விருது விழா. அதாவது சி.எம்.ஏ.வுக்கு முன்பே.

அந்த முதல் விழாவில் சிறந்த பாடகர் பக் ஓவன்ஸ், நம்பிக்கை தரும் புதுப் பாடகர் மெர்ல் ஹேகர்ட். தீர்ப்பு தப்பவில்லை. நாஷ்வில் சங்கம் 1970-ல் தன் மிகப் பெரிய விருதான 'என்டர்டெய்னர்' விருதை அதே ஹேகர்டுக்குக் கொடுத்தது.

பிற்காலத்தில் ஏ.சி.எம். மேற்குக் கடற்கரைக்கு மட்டுமானதாக இல்லாமல் நாடு முழுவதற்கும் பொதுவாகிவிட்டது. 2003 முதல் பல ஆண்டுகள் லாஸ் வேகஸில் நடந்தது. 2015-ல் ஐம்பதாவது விழாவை டெக்சஸில் ஒரு கால்பந்து மைதானத்தில் வைத்தபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். 2022-ல் வழக்கமான தொலைக்காட்சியை விட்டு அமேசான் பிரைமில் நேரலையாக ஒளிபரப்பினார்கள், பெரிய விருது விழாக்களில் அப்படிச் செய்த முதல் விழா அது. இப்போது இரண்டு விருதுகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் அதே பெயர்கள்தான் வரும். பேக்கர்ஸ்ஃபீல்டின் அந்த முரட்டுத் தனித்துவம் இப்போதைய ஏ.சி.எம்.மில் இல்லை என்பது என் வருத்தம்.

யார் ஓட்டுப் போடுகிறார்கள்? ரசிகர்களா?

இல்லை. சி.எம்.ஏ.வில் ஓட்டு சங்க உறுப்பினர்களுக்குத்தான். அந்தத் தொழிலில் சம்பாதிப்பவர்கள்தான் உறுப்பினராக முடியும்: பாடகர், பாடல் எழுதுபவர், வாத்தியக்காரர், தயாரிப்பாளர், வானொலிக்காரர், கச்சேரி ஏற்பாடு செய்பவர், மேலாளர். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரை ஒரு கணக்கு ஆண்டு. மூன்று சுற்று வாக்குப்பதிவு. முதல் சுற்றில் பெயர்கள் வரும், இரண்டாவதில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஐந்தாகச் சுருங்கும், மூன்றாவதில் வெற்றியாளர். எண்ணுவது வெளியிலிருக்கும் கணக்குத் தணிக்கை நிறுவனம்.

பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள் தங்கள் ஆட்களைக் கூட்டாக ஓட்டுப் போட வைக்கின்றன என்ற குற்றச்சாட்டு பல காலமாக உண்டு. தொழில்காரர்களே ஓட்டுப் போடும் எந்த விருதுக்கும் அந்தப் பேச்சு வரத்தான் செய்யும்.

ரசிகர்களிடம் விட்டால் சரியாகிவிடுமா? ஏ.சி.எம். 2008-ல் தன் உயரிய விருதை ரசிகர்கள் தேர்ந்தெடுக்கட்டும் என்று இணைய வாக்குக்கு விட்டது. அந்த ஆண்டு வென்ற கென்னி செஸ்னியே மேடையை விட்டு இறங்கி வந்ததும் அந்த முறையைக் கண்டித்துப் பேசினார். இப்படி விட்டால் யார் நன்றாக விளம்பரம் செய்கிறார்கள் என்ற போட்டியாக விருது சுருங்கிவிடும் என்பது அவர் வாதம். தனக்குக் கிடைத்த விருதையே கேள்வி கேட்க ஒரு துணிச்சல் வேண்டும். சில ஆண்டுகளில் அந்த முறையைக் கைவிட்டார்கள்.

'என்டர்டெய்னர் ஆஃப் தி இயர்' என்பதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

ஏனென்றால் குரலுக்கோ ஒரு பாட்டுக்கோ தரும் விருது அல்ல அது. கச்சேரி, விற்பனை, வானொலி, மேடை ஆளுமை, அந்த ஆண்டு கன்ட்ரி இசையின் முகமாக இருந்தவர் யார் என்பது, எல்லாம் சேர்ந்தது. விழாவின் கடைசியில்தான் அறிவிப்பார்கள்.

அதிக முறை வென்றவர் கார்த் புரூக்ஸ், ஏழு முறை. 1991-ல் முதல், 2019-ல் கடைசி. ஏழாவதை வாங்கியபோது இளைய தலைமுறை பாடகர்களின் ரசிகர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்த ஆண்டு இனி தன் பெயரைப் பரிசீலிக்க வேண்டாம் என்று அவரே விலகிக்கொண்டார். கென்னி செஸ்னி நான்கு முறை. அலபாமா குழு 1982, 83, 84 என்று வரிசையாக மூன்று.

பெண்கள் எத்தனை பேர் அதை வாங்கியிருக்கிறார்கள்?

குறைவு. வெட்கப்படும் அளவுக்குக் குறைவு.

1972-ல் லொரெட்டா லின் வாங்கினார், முதல் பெண். கென்டக்கி மலைப்பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள், பதினைந்து வயதில் கல்யாணம், இருபது வயதுக்குள் பல பிள்ளைகள். குடித்துவிட்டு வரும் கணவனிடம் பெண் என்ன சொல்ல நினைப்பாளோ அதை அப்படியே பாட்டாக்கியவர். அவருக்குக் கிடைத்ததுதான் இந்த விருதின் மிக நியாயமான தருணங்களில் ஒன்று என்பேன்.

அவருக்குப் பிறகு டாலி பார்ட்டன் 1978-ல். பார்பரா மாண்ட்ரெல் 1980, 81 இரண்டிலும். இந்த விருதை அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் கலைஞரே அவர்தான், ஆண்களையும் சேர்த்து. ரீபா மெக்கென்டயர் 1986. ஷனாயா ட்வைன் 1999. டிக்ஸி சிக்ஸ் என்று அப்போது அழைக்கப்பட்ட மூவர் குழு 2000. டெய்லர் ஸ்விஃப்ட் 2009, 2011. பிறகு பன்னிரண்டு ஆண்டு இடைவெளி. 2023-ல் லெய்னி வில்சன், 2025-ல் மறுபடியும் அவரே.

இடைவெளிக்குக் காரணம் திறமைப் பஞ்சம் அல்ல. மிராண்டா லாம்பர்ட் 2010-க்கும் 2017-க்கும் இடையில் சிறந்த பாடகி விருதை ஏழு முறை வென்றார். பிரச்சினை வானொலியில் இருந்தது. பெண்கள் பாடிய பாட்டை அடுத்தடுத்துப் போட்டால் நேயர்கள் நிலையத்தை மாற்றிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை அந்தத் தொழிலில் ஊறிக் கிடந்தது. 2015-ல் ஒரு வானொலி ஆலோசகர், சாலட்டில் ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் அங்கங்கே போடும் தக்காளி என்று வெளிப்படையாகவே சொன்னார். பெரும் கொந்தளிப்பு. ஒலிபரப்பு இல்லையென்றால் வெற்றி இல்லை, வெற்றி இல்லையென்றால் பெரிய அரங்கில் கச்சேரி இல்லை, கச்சேரி இல்லையென்றால் என்டர்டெய்னர் விருது இல்லை. இந்தச் சங்கிலியில் விருது கடைசிக் கண்ணி மட்டுமே.

சார்லி ப்ரைட் யார்? கறுப்பினக் கலைஞர்களை இந்த விருதுகள் எப்படி நடத்தின?

மிசிசிப்பியில் ஸ்லெட்ஜ் என்ற சிற்றூரில், குத்தகைக்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பினக் குடும்பத்தில் 1934-ல் பிறந்தவர் சார்லி ப்ரைட். பேஸ்பால் ஆட்டக்காரராக வேண்டும் என்பதுதான் கனவு. கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த லீக்கில் ஆடினார். ஆனால் குரல் அவரை வேறு பக்கம் இழுத்தது. 1966-ல் அவருடைய முதல் இசைத்தட்டுகளை ஆர்.சி.ஏ. நிறுவனம் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியபோது வழக்கமாக வைக்கும் புகைப்படத்தை வைக்கவில்லை. குரலைக் கேட்டுப் பிடித்துப்போன நேயர்கள் பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். 1971-ல் அவர் சிறந்த பாடகர், சிறந்த என்டர்டெய்னர் இரண்டும் வென்றார். மறு ஆண்டும் சிறந்த பாடகர்.

அவரைக் காட்டி "பாருங்கள், எங்களிடம் பாகுபாடு இல்லை" என்று சொல்லிக்கொள்ள நாஷ்வில்லுக்கு வசதியாக இருந்தது. அவருக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டதே உண்மை. தனிக் கலைஞருக்கான ஒரு பெரிய சி.எம்.ஏ. விருது அடுத்த கறுப்பினப் பாடகருக்குக் கிடைக்க 2009 ஆனது. டேரியஸ் ரக்கர், புதுமுகக் கலைஞர் விருது. அவர் ராக் குழுவில் பாடி ஏற்கெனவே கோடிக்கணக்கில் விற்றவர்.

2020 நவம்பரில் சி.எம்.ஏ. மேடையில் ப்ரைடுக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தார்கள். 86 வயதில் 'கிஸ் ஆன் ஏஞ்சல் குட் மார்னின்' பாடினார். ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 12 அன்று, கொரோனாவால் இறந்தார்.

2023-ல் இன்னொரு திருப்பம். டிரேசி சாப்மன் 1988-ல் எழுதிப் பாடிய 'ஃபாஸ்ட் கார்' பாடலை லூக் கோம்ஸ் திரும்பப் பாடி வெளியிட்டார், பெரிய வெற்றி. அந்த ஆண்டின் சிறந்த பாடல் விருது எழுதியவரான சாப்மனுக்குப் போனது. அந்த விருதை வென்ற முதல் கறுப்பினப் பாடல் படைப்பாளர் அவர்தான். கன்ட்ரி பாடகராக ஒருநாளும் தன்னைச் சொல்லிக்கொள்ளாத ஒருவருக்கு, பாட்டு பிறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து.

பியான்சே விஷயத்தில் என்ன நடந்தது?

2016-ல் ஐம்பதாவது சி.எம்.ஏ. விழா. பியான்சேயும் டிக்ஸி சிக்ஸும் சேர்ந்து 'டேடி லெசன்ஸ்' பாடினார்கள். கொம்பு வாத்தியங்களோடு, டெக்சஸ் மண்வாசனையோடு அருமையான நிகழ்ச்சி. ஆனால் விழா முடிவதற்குள்ளேயே இணையத்தில் வசை கொட்டியது. இவர் இங்கே எதற்கு என்றார்கள். பியான்சே ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்தவர் என்பது அவர்களுக்குப் பொருட்டாக இல்லை.

2024-ல் 'கவ்பாய் கார்ட்டர்' ஆல்பம் வந்தபோது, தன்னை வரவேற்காத ஓர் அனுபவத்திலிருந்து அது பிறந்தது என்று எழுதினார். எந்த மேடை என்று பெயர் சொல்லவில்லை, எல்லோருக்கும் புரிந்தது. அதன் ஒரு பாட்டு பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆனாலும் அந்த ஆண்டு சி.எம்.ஏ.வில் ஒரு பரிந்துரைகூட இல்லை. 2025 பிப்ரவரியில் கிராமி அதே ஆல்பத்துக்குச் சிறந்த கன்ட்ரி ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பம் இரண்டையும் கொடுத்தது.

நாஷ்வில் வானொலியில் அவர் பெரிதாக வேலை செய்யவில்லை, உறுப்பினர்களைச் சந்தித்து ஆதரவு திரட்டவில்லை, அதனால்தான் கிடைக்கவில்லை என்று விளக்கம் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் ஒரு பரிந்துரைகூட இல்லை என்பதற்கு அது போதுமான காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

விருது மேடையில் ஒருவர் உறையைக் கொளுத்தியதாகச் சொல்லும் கதை உண்மையா?

உண்மை. ஆனால் அதற்கு ஓராண்டு முன்பிருந்து தொடங்க வேண்டும்.

1974-ல் சிறந்த பாடகி விருது ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குப் போனது. இங்கிலாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த பாப் பாடகி. தோற்றவர்களில் லொரெட்டா லின்னும் டாலி பார்ட்டனும் இருந்தார்கள். அடுத்த மாதமே ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் தம்பதியின் வீட்டில் பாடகர்கள் கூடி, மரபான கன்ட்ரியைக் காப்பாற்ற ஒரு தனிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். எல்லோரும் ஒலிவியாவுக்கு எதிராக நின்றுவிடவில்லை. டாலியின் தங்கை ஸ்டெல்லா பார்ட்டன் அவருக்கு ஆதரவாக ஒரு பாட்டே பாடி வெளியிட்டார்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் 1975 விழா. முந்தைய ஆண்டு என்டர்டெய்னர் விருது வாங்கிய சார்லி ரிச், புதிய வெற்றியாளரை அறிவிக்க வந்தார். நிதானத்தில் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. உறையைப் பிரித்தார், சீட்டைப் பார்த்தார், பையிலிருந்து லைட்டரை எடுத்துக் கொளுத்தினார். எரிந்துகொண்டிருக்கும்போதே ஜான் டென்வரின் பெயரைச் சொன்னார். டென்வர் ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக நன்றி சொன்னார், இங்கே நடந்தது அவருக்குத் தெரியாது.

பாப் பாடகருக்கு விருது போனதை எதிர்த்துத்தான் எரித்தார் என்று பல ஆண்டுகளாகச் சொல்கிறார்கள். அவர் மகன் பிற்காலத்தில் மறுத்தார். வலி மாத்திரையும் மதுவும் சேர்ந்ததால் வந்த வினை, வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்துச் செய்துவிட்டார் என்பது அவர் விளக்கம். எனக்கு மகன் சொல்வதில் நியாயம் தெரிகிறது. ஏனென்றால் சார்லி ரிச்சே மரபுக் கன்ட்ரிக்காரர் கிடையாது. ஜாஸ், ப்ளூஸ் எல்லாம் கலந்த மென்மையான பாட்டுக்காரர். தூய்மைவாதிகளின் பக்கம் நிற்க அவருக்குக் காரணமே இல்லை.

ஜார்ஜ் ஜோன்ஸுக்காக ஆலன் ஜாக்ஸன் செய்தது என்ன?

இந்த விழாக்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி இது.

1999-ல் ஜார்ஜ் ஜோன்ஸின் 'சாய்ஸஸ்' என்ற பாட்டு சிறந்த சிங்கிள் பிரிவில் போட்டியில் இருந்தது. வாழ்நாள் முழுக்கக் குடியால் சீரழிந்த ஒரு மனிதன், தன் வாழ்க்கை தான் எடுத்த முடிவுகளின் விளைவுதான் என்று ஒப்புக்கொள்ளும் பாட்டு. அந்த ஆண்டு மார்ச்சில்தான் குடித்துவிட்டு வண்டி ஓட்டி விபத்தில் சிக்கிச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியிருந்தார். கன்ட்ரி பாடகர்களில் அவரைவிடப் பெரிய குரல் இல்லை என்று பலர் சொல்வார்கள். அப்படிப்பட்டவரிடம் நேரம் இல்லை, சுருக்கிப் பாடுங்கள் என்று விழாத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். அவர் மறுத்து வீட்டிலேயே இருந்துவிட்டார்.

ஆலன் ஜாக்ஸன் அன்று 'பாப் எ டாப்' பாட வேண்டும். பாதியில் வாத்தியங்கள் நின்றன. விழாத் தயாரிப்பாளர்களிடம் சொல்லாமல் 'சாய்ஸஸ்' பாட்டுக்குத் தாவினார். பல்லவியைப் பாடி முடித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் மேடையை விட்டு நடந்தார். அரங்கமே எழுந்து நின்றது. மறு ஆண்டு கிராமி அந்தப் பாட்டுக்காக ஜோன்ஸுக்கு விருது கொடுத்தது.

அதே ஜாக்ஸன்தான் 2001 நவம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து இரண்டு மாதம் ஆகாத நிலையில், அதைப் பற்றித் தான் எழுதிய புதுப் பாட்டை முதன்முதலாக சி.எம்.ஏ. மேடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பாடினார். அடுத்த ஆண்டு அவருக்கு ஐந்து விருதுகள்.

அரசியல் இந்த மேடையைத் தொட்டதே இல்லையா?

நன்றாகவே தொட்டிருக்கிறது. 2003 மார்ச்சில், ஈராக் போர் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு, டிக்ஸி சிக்ஸ் பாடகி நாடலி மெய்ன்ஸ் லண்டன் மேடையில் அதிபர் புஷ்ஷை விமர்சித்தார். கன்ட்ரி வானொலிகள் அவர்கள் பாட்டை நிறுத்தின, சில ஊர்களில் குறுந்தகடுகளைக் குவித்து நசுக்கினார்கள். மே மாத ஏ.சி.எம். விழாவில் அவர்கள் பெயரைச் சொன்னபோது கூட்டம் கூச்சலிட்டது. 2007-ல் கிராமி அவர்களுக்கு ஐந்து விருதுகளை அள்ளிக்கொடுத்தது, கன்ட்ரி விருதுகள் வாயைத் திறக்கவில்லை.

2017 அக்டோபரில் லாஸ் வேகஸ் கன்ட்ரி இசை விழாவில் ஒருவன் சுட்டதில் அப்போதைய கணக்குப்படி 58 பேர் இறந்தார்கள். அடுத்த மாத சி.எம்.ஏ. விழாவுக்கு வரும் நிருபர்கள் துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கேட்கக் கூடாது என்று சங்கம் விதி போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டு நீக்கியது.

'சிறந்த பாடல்', 'சிறந்த சிங்கிள்' இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. சிறந்த பாடல் விருது எழுதியவருக்கு. சிறந்த சிங்கிள் விருது பாடியவருக்கும் அந்தப் பதிவைத் தயாரித்தவர்களுக்கும். நம் சினிமாவில் மெட்டு ஒருவர், வரி ஒருவர். கன்ட்ரியில் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள், இரண்டு மூன்று பேர் ஒரு அறையில் கிட்டாரோடு உட்கார்ந்து. ஜார்ஜ் ஜோன்ஸ் பாடிய 'ஹி ஸ்டாப்டு லவிங் ஹெர் டுடே' 1980, 1981 இரண்டு ஆண்டும் சிறந்த பாடலாக வென்றது. அந்த விருதுகள் ஜோன்ஸுக்கு அல்ல, எழுதிய பாபி பிராடக், கர்லி புட்மன் இருவருக்கும்.

புதுமுக விருது வாங்கியவர்கள் நிலைத்தார்களா?

1981-ல் 'ஹொரைசன்' என்ற பெயரில் தொடங்கியது. முதலில் வாங்கியவர் டெரி கிப்ஸ், இன்று பலருக்கு அவரை நினைவில்லை. ஆனால் ராண்டி டிராவிஸ், கார்த் புரூக்ஸ், கேரி அண்டர்வுட், டெய்லர் ஸ்விஃப்ட் எல்லோரும் இதே விருதை வாங்கித்தான் மேலே போனார்கள். 2015-ல் கிறிஸ் ஸ்டேபிள்டன் வாங்கியது விசேஷம். மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக்கொடுத்தே பல ஆண்டுகள் கழித்தவர், அந்த ஒரே இரவில் புதுமுகம், சிறந்த பாடகர், சிறந்த ஆல்பம் மூன்றும் வென்றார். 2024 வரை சிறந்த பாடகர் விருது மட்டும் எட்டு முறை.

கிராமி எப்போதிலிருந்து கன்ட்ரிக்கு விருது தருகிறது?

1959-ல் நடந்த முதல் விழாவிலிருந்தே. ஒரே ஒரு பிரிவு இருந்தது, அதையும் கிங்ஸ்டன் டிரியோ என்ற நாட்டார் பாடல் குழு வாங்கிப்போனது. 1965-ல் பிரிவுகளைப் பெருக்கியபோது ரோஜர் மில்லர் அந்த ஆண்டு ஐந்தும் அடுத்த ஆண்டு ஆறும் வாங்கினார். கிராமியில் எல்லா வகை இசைக்காரர்களும் உறுப்பினர்கள் என்பதால் நாஷ்வில் ஒதுக்கியவர்களுக்கு அங்கே இடம் கிடைப்பதுண்டு.

அமெரிக்காவுக்கு வெளியே உண்டா?

ஆஸ்திரேலியாவில் கோல்டன் கிட்டார் விருதுகள். நியூ சவுத் வேல்ஸின் டாம்வொர்த் என்ற ஊரில் 1973 முதல் ஒவ்வொரு ஜனவரியும். முதல் கோல்டன் கிட்டார், ஸ்லிம் டஸ்டி பாடிய 'லைட்ஸ் ஆன் தி ஹில்' பாட்டை எழுதிய அவர் மனைவி ஜாய் மக்கீனுக்கு. இரவில் மலைச்சாலையில் லாரி ஓட்டுபவனைப் பற்றிய பாட்டு. ஊர் எல்லையில் ராட்சத தங்க கிட்டார் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இளைஞர் கீத் அர்பன் 1990-ல் டாம்வொர்த் பாட்டுப் போட்டியில் வென்றுவிட்டுத்தான் நாஷ்வில் போனார். அங்கே 2005, 2018 இரண்டு முறை என்டர்டெய்னர் ஆனார். ஒலிவியாவுக்கு நேர்ந்த எதிர்ப்பு இவருக்கு வரவில்லை. கனடாவுக்கும் தனியாகச் சங்கமும் விருதும் உண்டு.

விழாக்கள் எப்போது நடக்கும்? எதிலிருந்து தொடங்கலாம்?

சி.எம்.ஏ. நவம்பரில், ஏ.சி.எம். இப்போது மே மாதத்தில். ஆனால் முழு விழாவையும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. முதலில் ஆலன் ஜாக்ஸன் 1999, பிறகு சார்லி ரிச் 1975, அப்புறம் பியான்சே 2016. மூன்றும் இணையத்தில் தேடினால் கிடைக்கும். அதற்கு அடுத்து லொரெட்டா லின், சார்லி ப்ரைட், மெர்ல் ஹேகர்ட் மூவரின் பழைய பதிவுகளை ஆளுக்கு ஐந்தாறு கேளுங்கள். மேலே சொன்ன சண்டைகளில் உங்களுக்கென்று ஒரு பக்கம் தானாக அமைந்துவிடும்.